நீங்களே எடுங்க

காரைக்குடி வாரச் சந்தையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று காய் வாங்கிய ஒரே ஆள் அவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் முதலில் கை வரும், அப்புறம்தான் ஆள் வருவார். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். சுரைக்காயில் நகத்தை வைத்து அழுத்துவார்கள். கத்தரிக்காயைப் பெண் பார்க்க வந்த மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஒடித்த வெண்டைக்காயையாவது வாங்குவார்களா என்றால் அதுவும் கிடையாது. பத்து வருஷமாகத் திங்கட்கிழமை தவறாமல் இங்கே உட்கார்கிறேன். ஒடித்துப் போட்டுவிட்டுப் போன நுனிகளை மட்டும் சேர்த்திருந்தால் ஒரு கல்யாண வீட்டுக்கே வெண்டைக்காய் மண்டி சமைத்துப் போட்டிருக்கலாம்.

இவர் தொடவே மாட்டார். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, வகுப்பைப் பார்வையிட வந்த அதிகாரி மாதிரி வந்து நிற்பார்.

"இன்னைக்கு மதியத்துக்கு. ரெண்டு பேரு. கொழம்பு இல்ல, வறுவல். நீங்களே எடுங்க" என்பார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் பார்வை காய் மேல் இருக்காது, என் முகத்தின் மேல் இருக்கும். அது என்ன அவஸ்தை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவர் இத்தாலிக்காரர். கணவர் இங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தில் பேட்டரி பற்றி ஏதோ ஆராய்ச்சி செய்ய வந்திருந்தார். இவர் கூடவே வந்து, கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார். வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் புத்தகங்களை மாற்றுவதுதான் அவர் வேலை. தமிழைக் கீழ்வீட்டுக்காரம்மாவிடம் கற்றுக்கொண்டிருந்தார். அந்தம்மாள் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால், இவரும் 'வாரீகளா, போறீகளா' என்றுதான் பேசுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தேவகோட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும், கண்ணைத் திறந்தால் தூக்கிவாரிப் போடும். அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் என் வாயில் அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்ததால் அவரே ஒருநாள் சிரித்துக்கொண்டு, விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். சந்தைக்கு அவர் ஆச்சிதான். பெரிய வீட்டு அம்மாமார்களைக் கூப்பிடுகிற அந்தப் பேரை அவருக்கு வைத்தது என் பக்கத்துத் தார்ப்பாய் பாண்டியம்மா அக்கா. "வெலையக் கொறைக்காம வாங்குறவுக எல்லாரும் எனக்கு ஆச்சிதான்டி" என்பது அவர் கட்சி.

பாண்டியம்மா அக்கா ஒக்கூர்க்காரர். தக்காளியும் வெங்காயமும் விற்பார். என்னை ஒரு மனுஷியாக மதித்துச் சந்தையில் முதலில் வம்புக்கு இழுத்தவரும் அவர்தான். நான் வந்த புதிதில் குடையைப் பாதைப் பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டு அதற்குள் ஒண்டிக்கொள்வேன்.

"ஏன்டி, வெயிலு அங்குட்டு அடிக்குது, நீ இங்குட்டுக் கொடை பிடிக்கிற?" என்று ஒருநாள் உரக்கக் கேட்டார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயம் வெயில் இல்லை. நான் பி.காம். படித்தவள். கல்லலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்காரர் போர்வெல் தண்ணீரை நம்பி ஒரு ஏக்கரில் கத்தரி, வெண்டை, சுரை, சீனியவரை என்று கலந்து போடுவார். மாமியாருக்கு முழங்கால் மக்கர் பண்ணியதும் கூடை என் தலைக்கு வந்துவிட்டது. என் நாத்தனார் பள்ளத்தூரில் டீச்சர். என்கூடப் படித்த பெண்கள் இரண்டு பேர் பேங்கில் இருக்கிறார்கள். இவர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்து, தார்ப்பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே திங்கட்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. காயும் எனக்குத் தெரியாது, வியாபாரமும் தெரியாது என்றுதான் நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்த ஒரே வித்தை கூறு கட்டுவது. நல்ல காய் நாலை மேலே பளபளவென்று தெரிய வைத்து, சொத்தையைக் கீழே படுக்கப் போட்டு, கூறு பத்து ரூபாய் என்று விற்பது. அதில் மட்டும் எனக்கு நல்ல கைவாகு.

அப்படிப்பட்டவளிடம்தான் அவர் முதல் தடவை வந்து நின்று, "கத்தரிக்கா. ரெண்டு பேரு. நீங்களே எடுங்க" என்றார்.

சாமியே கண்ணைத் திறந்த மாதிரி இருந்தது எனக்கு. காலையிலிருந்து எல்லாரும் புரட்டிப் போட்டுவிட்டுப் போன கழிசல் ஒரு ஓரமாகக் கிடந்தது. அதிலிருந்து நாலு, நல்லதில் மூன்று, ஆக ஏழு காயை எடுத்துப் பையில் போட்டேன். அவர் பைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார். பாண்டியம்மா அக்கா வாயைத் திறக்காமலே, "நல்ல கிராக்கிடி, விட்றாத" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் நேராக என்னை நோக்கி வருவதைப் பார்த்தேன். சண்டைக்குத்தான் வருகிறார் என்று முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். சொல்லப்போனால் சண்டையில் எனக்குப் பழக்கம் உண்டு, பயமில்லை.

அவர் வந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒப்பித்தார். "போன வாரம் ஏழு கத்தரிக்கா. மூணு ரொம்ப நல்லாருந்துச்சு. ரெண்டுல புழு இருந்துச்சு, வெட்டிட்டுச் சமைச்சேன். ரெண்டு கசப்பு."

நான் வாயைத் திறப்பதற்குள், "இன்னைக்கும் ரெண்டு பேரு. நீங்களே எடுங்க" என்றார்.

முகத்தில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. ரத்தம் பரிசோதித்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிறவர்களின் முகம் மாதிரி இருந்தது. என் கை காய்களுக்கு மேலே போய் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

"நீங்களே எடுத்துப் பாத்து வாங்குங்க மேடம். இங்க எல்லாரும் அப்பிடித்தான் வாங்குவாக" என்றேன்.

"நான் பாத்தா எனக்கு என்ன தெரியும்? எனக்குக் கத்தரிக்காயத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கதான வெளைய வச்சீக?"

அவர் ஊர்ச் சந்தையில் வாங்க வருகிறவர்கள் காயைத் தொட மாட்டார்களாம். என்ன சமைக்கப் போகிறாய், இன்றைக்கா நாளைக்கா, எத்தனை பேர் என்று விற்கிறவர் கேட்பாராம். கேட்டுவிட்டு அவரே எடுத்துக் கொடுப்பாராம். தொட்டால், உன்னை நான் நம்பவில்லை என்று அர்த்தமாம். அவர் அம்மா ஒரே கடையில் முப்பது வருஷமாக வாங்குகிறாராம். இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் ஒவ்வொரு காயாகத் திருப்பி, காம்பைப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, ஏழு காயை எடுத்து முடித்தேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில்கூட எனக்கு அப்படி வேர்த்ததில்லை.

அதிலிருந்து ஆரம்பித்தது தொல்லை. வாங்கிக்கொண்டு போனோமா, சமைத்தோமா என்று இருக்க மாட்டார். ஒவ்வொரு வாரமும் வந்து, போன வாரத்துக் காய் என்ன ஆயிற்று என்று சொல்லிவிட்டுத்தான் இந்த வாரத்துக்கு வாங்குவார். சீனியவரைக்காய் நல்ல பிஞ்சு, ஆனால் நாலு காயில் நார். சுரைக்காய் பிரமாதம், மறுநாளும் வைத்துச் சாப்பிட்டோம். முருங்கைக்காய் வாங்கிப் போன வாரம் மட்டும் கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்தார்.

"அக்கா, முருங்கைக்கா ரெண்டு மணி நேரம் வேக வச்சேன். இன்னும் கயிறு மாதிரியே இருக்கு. இன்னும் எவ்வளவு நேரம் வேகணும்?"

எனக்கு விளங்கவில்லை. பாண்டியம்மா அக்காவுக்குத்தான் முதலில் விளங்கியது. "ஆத்தாடி! ஆச்சி, அதத் தோலோடயா திண்டீக?" என்று அலறினார்.

"எனக்கு முடியல. என் வீட்டுக்காரரு நல்லாருக்குன்னு சொல்லி முழுங்கிட்டாக" என்றார் ஆச்சி. அன்றைக்கு எங்கள் வரிசையில் அரை மணி நேரம் வியாபாரம் நடக்கவில்லை. பாண்டியம்மா அக்கா எழுந்து நின்று, ஒரு முருங்கைக்காயை எப்படிப் பிளந்து, எப்படிப் பல்லில் வைத்து இழுப்பது என்று வெறும் காயை வைத்து நடித்துக் காட்டினார். ஆச்சி அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போய்க் கணவருக்குக் காட்டினாராம்.

பாண்டியம்மா அக்காவையும் அவர் விட்டு வைக்கவில்லை. "ஆறு தக்காளி. ரெண்டு இன்னைக்கு, ரெண்டு புதன்கிழமைக்கு, ரெண்டு வெள்ளிக்கிழமைக்கு. நீங்களே எடுங்க" என்று ஒருநாள் கேட்டார். அக்கா முதலில் இதென்ன கூத்து என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுபோய், ஒவ்வொரு தக்காளியாக விரலால் லேசாக அழுத்தி, காம்படியை முகர்ந்து, மூன்று காகிதத்தில் தனித்தனியாகப் பொட்டலம் கட்டினார். கட்டிவிட்டு என்னிடம், "இருவது வருசமா விக்கிறேன், எனக்கு இது தெரியும்னு எனக்கே தெரியாதுடி" என்றார். அடுத்த வாரம் ஆச்சி வந்து, வெள்ளிக்கிழமைத் தக்காளி வெள்ளிக்கிழமைதான் பழுத்தது என்று சொன்னபோது அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரிசு வாங்கிய பிள்ளை தோற்றுவிடும். கொஞ்ச நாளில் மற்ற பெண்களும், "அந்த வெள்ளக்காரம்மாவுக்கு எடுக்கிற மாதிரி எனக்கும் எடு" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டுக்கொண்டே வெண்டைக்காயையும் ஒடித்துக்கொண்டுதான் இருந்தார்கள், அது வேறு கதை.

ஒரு திங்கட்கிழமை நான் பயந்த மாதிரியே என் நாத்தனார், கூட வேலை பார்க்கிற இன்னொரு டீச்சரோடு எங்கள் வரிசைக்குள் வந்துவிட்டார். குடைக்குக் கை போனது. ஆனால் எதிரே ஆச்சி நின்றுகொண்டிருந்தார். ஊரே கேட்கிற குரலில், "அக்காவுக்குத் தெரியும். அக்கா எடுத்தா சரியா இருக்கும். எங்க அம்மாகிட்டகூடச் சொல்லிருக்கேன்" என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நாத்தனார் நின்று கேட்டார். அப்புறம் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "மதினி, எனக்கும் அரைக்கிலோ நீங்களே எடுத்துப் போடுங்க" என்றார். அந்த வாரத்தோடு குடை வெயில் அடிக்கிற பக்கம் திரும்பியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவர் மேல் எனக்குக் கோபமும் உண்டு. அவரால் கூறு கட்டுகிற என் வித்தை கெட்டுப்போனது. சொத்தையைக் கீழே வைக்கப் போனால் அது பத்து மணிக்கு வரப்போகிறவரின் குரலில் பேசுகிற மாதிரி இருக்கும். கழித்த காயெல்லாம் ஆட்டுக்குப் போயிற்று. ஆடு கொழுத்தது, நான் இளைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வயலில் இறங்கி அவருக்கென்று தனியாக ஒரு சின்னக் கூடையில் பறித்து வைப்பேன். வீட்டுக்காரர் வரப்பில் நின்றுகொண்டு, "இது யாருக்கு, ஒன் இத்தாலி சம்பந்திக்கா?" என்று கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். அப்படிப் பறிக்கிற அரை மணி நேரம்தான் எனக்கு அந்த வாரத்திலேயே பிடித்த நேரம். நீ ஒரு விஷயம் தெரிந்தவள் என்று என்னிடம் முதலில் சொன்னவர் அவர். அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. அந்த ஆசைதான் என்னைக் குழியில் தள்ளியது.

அவர் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஐப்பசி மாதம். அவர் அம்மா இத்தாலியிலிருந்து வரப் போவதாகச் சொன்னார். சொல்லும்போதே குரலில் ஒரு படபடப்பு.

"அம்மா யார் வீட்டுக்குப் போனாலும், காய் எங்க வாங்குறன்னுதான் மொதல்ல கேப்பாக. நான் ரெண்டு வருசமா உங்களப் பத்திச் சொல்லிருக்கேன். எங்க ஊருல ஒண்ணு செய்வோம். கத்தரிக்காய நீளமா அரிஞ்சு, வறுத்து, அடுக்கி, தக்காளி ஊத்தி, சுட்டு எடுக்கணும். அம்மா அதுல பெரிய ஆளு. அத உங்க கத்தரிக்காயில செஞ்சு குடுக்கப் போறேன். அடுத்த திங்கக்கெழமை மூணு கிலோ வேணும் அக்கா. நீங்களே எடுங்க."

அன்றைக்குச் சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடாமல் பெய்தது. ஞாயிற்றுக்கிழமை கத்தரி வயலுக்குள் போனால் கணுக்கால் வரை சேறு. காயெல்லாம் அழுகியும் புழு விழுந்தும் கிடந்தது. செடி செடியாகக் குனிந்து பார்த்தும் ஒரு கிலோகூடத் தேறவில்லை.

"இந்த வாரம் காயி இல்லன்னு சொல்லிரு. அவுக என்ன தூக்கிலயா போடப் போறாக?" என்றார் வீட்டுக்காரர்.

அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் முப்பது வருஷம் ஒரே கடையில் வாங்கிய அம்மா, இரண்டு வருஷமாக என்னைப் பற்றிப் போனில் கேட்டுக்கொண்டிருக்கிற அம்மா, ஏழு கடல் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் காய்காரி இந்த வாரம் கையை விரித்துவிட்டாள் என்று சொல்லும்படி ஆகக் கூடாது என்று எனக்குள் ஒரு வீம்பு. திங்கட்கிழமை விடிந்ததும் குட்டியானை வண்டியில் முதல் ஆளாகச் சந்தைக்குப் போனேன். கோடியில் லாரிச் சரக்கு இறக்குகிற வியாபாரியிடம் எங்கள் காய் மாதிரியே பச்சையும் ஊதாவும் வரியோடிய கத்தரிக்காய் மூன்று கிலோ வாங்கினேன். என் கூடையில் போட்டு, எங்கள் வயல் சேற்றை இரண்டு விரலில் தொட்டு அங்கங்கே தடவினேன். கத்தரி இலை நாலைப் பறித்து வந்திருந்தேன், அதையும் மேலே போட்டேன். பாண்டியம்மா அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். "மேக்கப் நல்லாருக்குடி" என்று மட்டும் சொன்னார்.

ஆச்சி வந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான், "எங்க தோட்டத்துக் காயி ஆச்சி, நேத்துச் சாயந்தரம் பறிச்சது" என்றேன். அவர் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் வந்தபோது முகம் எப்போதும் போலத்தான் இருந்தது.

"தோல் தடிப்பா இருந்துச்சு. வெத ரொம்ப. எண்ணெயெல்லாம் குடிச்சிருச்சு" என்று ஒப்பித்தார். "அம்மா சாப்பிட்டுட்டு, இதா நீ ரெண்டு வருசமாச் சொன்ன காயின்னு கேட்டாக" என்றார். அப்புறம், "அக்கா, அது உங்க காயா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "எங்க காய்தான் ஆச்சி. மழையில அப்பிடி ஆயிருச்சு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பின்னால் கோத்திருந்த கைகளைப் பிரித்தார். மெதுவாகக் குந்தி உட்கார்ந்து, தேறியிருந்த கொஞ்சத்திலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்து, திருப்பிப் பார்த்து, தராசுத் தட்டில் வைத்தார். அப்புறம் இன்னொன்று. ஏழு காயையும் அவரே எடுத்தார்.

சந்தையில் எல்லாரும் செய்கிற காரியம்தான். என் முன்னால் வாரா வாரம் ஐம்பது கை நீளுகிறது. அந்த ஒரு கை நீண்டபோது மட்டும் செவிட்டில் அறை வாங்கிய மாதிரி இருந்தது எனக்கு. எழுந்திருக்கும்போது அவர் தாழ்ந்த குரலில், "புழு இருந்துச்சுன்னா சொல்லிருக்கலாம்ல. வெட்டிட்டுச் சமைச்சிருப்பேன்" என்றார். அவ்வளவுதான். அடுத்த அடியில் பாண்டியம்மா அக்காவிடம் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஆறு தக்காளி. நீங்களே எடுங்க" என்றார்.

அதற்கப்புறம் மூன்று வாரம் இப்படியே போனது. என்னிடம் வராமல் இருந்துவிடவில்லை. வருவார், குந்துவார், அவரே பொறுக்குவார், காசைக் கொடுத்துவிட்டுப் போவார். போன வாரக் காய் எப்படி இருந்தது என்று சொல்வதில்லை. அவருக்குக் காய் பொறுக்கவே தெரியாது என்பதுதான் பெரிய கொடுமை. முற்றிய சுரைக்காயாகப் பார்த்து எடுப்பார். பிஞ்சு பாகற்காயை ஒதுக்கிவிட்டு, பழுக்கப் போவதை எடுத்துப் போடுவார். இன்றைக்கு அந்த வீட்டில் இரண்டு பேரும் என்னத்தைச் சாப்பிடுவார்கள் என்று அவர் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்ல வாய் வராது. இரண்டு பொய்யைச் சொன்ன வாய், மூன்றாவதாக எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? அவர் அம்மா திரும்பிப் போய்விட்டார் என்பதைக்கூடப் பாண்டியம்மா அக்கா கேட்டுச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "இப்பத்தான்டி அந்தப் புள்ள நம்ம ஊரு மனுசி மாதிரி வாங்குது" என்றார் அக்கா. எனக்கு அழுகை வந்தது.

நாலாவது திங்கட்கிழமை. மறுபடி பிடித்த மழை வெறித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சேற்றில் இறங்க முடியாமல் வெண்டைக்காயை மூன்று நாள் தாமதமாகப் பறித்திருந்தோம். ஒவ்வொன்றும் சாண் நீளம். ஆச்சி வந்து குந்தினார். வெண்டைக்காய்க் குவியலுக்குள் கையை விட்டு, இருப்பதிலேயே நீளமாக, இருப்பதிலேயே தடியாக, விறகு மாதிரி ஒன்றை எடுத்தார். எடுத்து ஆசையாகப் பார்த்தார். இன்னொன்றும் அதேபோல எடுத்தார். மூன்றாவதை எடுக்கக் கை போனபோது என்னால் தாங்க முடியவில்லை.

பட்டென்று அந்தக் கை மேல் ஒரு அடி வைத்தேன்.

"கைய எடுங்க ஆச்சி! அது முத்தல். மாடுகூட அதத் திங்காது!"

சத்தம் நான் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. எதிர் வரிசைக் கீரைக்காரம்மா எழுந்து நின்று பார்த்தார். ஆச்சி கையை இழுத்துக்கொண்டார். புறங்கை சிவந்திருந்தது. முகமும் சிவந்திருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். போனது போனதுதான் என்று ஆனபிறகு எதற்குப் பயம்? வாய் தன்னால் திறந்துகொண்டது.

"அன்னைக்குக் குடுத்தது எங்க காயி இல்ல. லாரிச் சரக்கு. எங்க காயி பூராம் மழையில அழுகிப்போச்சு. உங்க அம்மா முன்னால எனக்குப் பேரு கெட்டுறக் கூடாதுன்னு நான்தான் வாங்கியாந்து சேத்தத் தடவிக் குடுத்தேன். நீங்க கேட்டப்பயும் பொய் சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்."

அவர் சிவந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த இரண்டு தடி வெண்டைக்காயையும் குவியலில் திரும்ப வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"அப்ப எது நல்லாருக்கு?" என்று கேட்டார்.

என் சரக்கை நானே ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். ஒரு வாரத்து உழைப்பு தார்ப்பாய் முழுக்கக் கிடந்தது.

"எங்கிட்ட இன்னைக்கு எதுவுமே சரியில்ல ஆச்சி. வெண்டைக்கா முத்திப்போச்சு. சொரைக்கா தண்ணி கோத்திருக்கு. கத்தரி இன்னும் தேறி வரல. நீங்க போயிட்டு அடுத்த வாரம் வாங்க."

பாண்டியம்மா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "நீ யாவாரம் பண்ண வந்தியாடி, பாவ மன்னிப்புக் கேக்க வந்தியாடி?"

ஆச்சி போகவில்லை. காலிப் பையை நாலாக மடித்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, என் தார்ப்பாயில், சுரைக்காய்களை ஒரு பக்கமாக நகர்த்தி, எனக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டீ கொண்டு வந்தவரிடம் இரண்டு டீ வாங்கினார்.

கொஞ்ச நேரத்தில் செக்காலைப் பக்கமிருந்து வழக்கமாக வருகிற ஒரு அம்மாள் வந்து குனிந்து, வெண்டைக்காய் கிலோ என்ன விலை என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினார். நான் விலை சொல்ல வாயெடுப்பதற்குள் ஆச்சி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு, எங்கள் ஊர்த் தமிழில் சொன்னார்.

"இன்னைக்கு அக்காகிட்ட எதுவும் சரியில்லையாம். நீங்க அடுத்த வாரம் வாங்க."

சந்தை கலைவதற்குள் ஒன்பது பேரை அப்படித் திருப்பி அனுப்பினார். நான் ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை.